துண்டு காயப் போடும் மெஷின்

எனக்கு லைட் டூட்டி கிடைத்தபோது நான் ஸ்வீட் வாங்கிக் கொடுக்கவில்லை என்று எங்கள் செக்‌ஷனில் ரொம்ப நாள் ஒரு குறை இருந்தது. பிள்ளை பிறந்தால் ஸ்வீட், பிரமோஷன் வந்தால் ஸ்வீட், புது வண்டி வாங்கினால் ஸ்வீட். அந்த வரிசையில், 'இவர் படி ஏறக்கூடாது, கனம் தூக்கக்கூடாது' என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாலும் எங்கள் ஆட்களுக்கு ஸ்வீட் வேண்டும். அது நோய்க்குக் கொடுத்த சீட்டு என்பதே யாருக்கும் நினைவிருக்காது. "எத்தினி மாசம் குடுத்தாங்க?" என்பார்கள். "ஆறு" என்றால், "அடி சக்க! உக்காந்த எடத்துல சம்பளம்!" என்று முதுகில் தட்டுவார்கள். முட்டி பிசகி இரண்டு மாதம் வீட்டில் கட்டையாகக் கிடந்தவள், அதற்காக மைசூர்பாகு வேறு விநியோகிக்க வேண்டுமா? அடப் போங்கய்யா என்று விட்டுவிட்டேன்.

நெய்வேலியில் அனல்மின் நிலையத்தின் லேபில் எனக்கு வேலை. சுரங்கத்திலிருந்து பெல்ட்டில் வருகிற நிலக்கரியில் தினமும் சாம்பிள் எடுத்து, ஈரம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று பார்த்து எழுத வேண்டும். சாம்பிள் எடுக்கும் இடம் பங்கர் மாடி. பங்கர் என்றால் பாய்லருக்குப் போகும் நிலக்கரியைக் கொட்டி வைக்கும் பெரிய தொட்டி. அதன் தலைமேல் இருக்கிறது அந்த மாடி. பாதி உயரம் வரைக்கும் லிஃப்ட் போகும். மீதிக்கு இரும்புப் படி. கம்பி வலை போட்ட படி, குனிந்தால் கீழே போகிறவனின் ஹெல்மெட் தெரியும். செக்‌ஷனில் யாருக்கும் அந்த வேலை பிடிக்காது. எனக்குப் பிடித்தது. அங்கே காற்று அடிக்கும். தூசியும் அடிக்கும், அது வேறு கதை. ஆனால் அந்த அரை மணி நேரம் என்னை யாரும் கூப்பிட முடியாது. நான் எடுத்து வந்ததில் வருகிற எண்ணை வைத்துத்தான் கீழே பாய்லரை ஓட்டுவார்கள். இன்றைக்கு ஈரம் ஜாஸ்தி என்று நான் எழுதினால் கண்ட்ரோல் ரூமிலிருந்து போன் வரும். வீட்டில், தெருவில், சொந்தத்தில் எங்கேயும் என் ஒரு வார்த்தைக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

விழுந்தது என் தப்பு. இரண்டு சாம்பிள் பையையும் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியைத் தொடாமல், டீ டைம் முடிவதற்குள் இறங்கிவிடலாம் என்று தடதடவென்று வந்தேன். ஏறும்போதெல்லாம் கிடையாது, இறங்கும்போதுதான். கடைசி மூன்று படி காலுக்குக் கிடைக்கவில்லை. முட்டியில் தசைநார் பாதி கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம், தானாகச் சேரும் என்றார்கள். கட்டு, ஓய்வு, பிறகு சீட்டு. முதலில் ஆறு மாதம். அது முடிந்து போனபோதும் வலித்தது. இன்னும் ஆறு மாதம் நீட்டிக் கொடுத்தார்கள். அது இரண்டாயிரத்துப் பதினாலோ பதினைந்தோ, சரியாக நினைவில்லை.

என்னை டெஸ்பாட்ச் செக்‌ஷனில் போட்டார்கள். கவர் ஒட்டுவது, கடிதங்களை டிபார்ட்மென்ட் வாரியாகப் பிரிப்பது. என் பக்கத்து மேசையில் ஓர் அக்கா. ஸ்டோர்ஸில் ஏணி ஏறிச் சாமான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், முட்டி வலி என்று லைட் டூட்டி வாங்கி ஆறு வருடமாக அந்த நாற்காலியில் இருந்தார். நல்ல மனுஷி. நான் போன மூன்றாம் நாளே என் நாற்காலிக்குப் பூப்போட்ட துணியில் ஒரு குஷன் தைத்துக் கொண்டுவந்து போட்டார். மதியம் தன் டப்பாவிலிருந்து வத்தக்குழம்பை என் சோற்றில் ஊற்றுவார். கேன்டீனுக்குப் போகும்போது நன்றாக நடப்பார். சீட்டை நீட்டலாமா என்று டாக்டர் பார்க்கிற ரிவ்யூ நாள் வந்தால் மட்டும் ஆஸ்பத்திரி கேட்டிலிருந்து ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்க ஆரம்பிப்பார். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வரும், உள்ளுக்குள் இளக்காரமும் வரும். மறைக்க மாட்டேன். இளக்காரம்தான்.

ஒரு நாள் சாதாரணமாகப் பேச்சுவாக்கில் அக்கா சொன்னார். "ஒரு வருசம் தாண்டிட்டா கவலையே இல்லடி. உன் எடத்துக்கு வேற ஆளப் போட்டுடுவாங்க. அப்பறம் நீயே மேல போறேன்னாலும் உட மாட்டாங்க. ரிடையர்டு ஆவுற வரிக்கும் இங்கதான், என் பக்கத்துல." என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காகச் சொன்னார். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். ரிடையர் ஆக இன்னும் பதினாறு வருடம் இருந்தது. பதினாறு வருடம் கவரா? பசையா? நான் அந்தப் பூப்போட்ட குஷனை எடுத்து மேசைக்கு அடியில் வைத்தேன். அடுத்த ரிவ்யூவுக்கு ஐந்து மாதம் இருந்தது. அதற்குள் நான் ஏறியாக வேண்டும்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரருக்கு மைன்ஸில் ஷிப்ட் வேலை. பூட்ஸைக் கழற்றியபடியே கேட்டுவிட்டு, "உனுக்கு மூளை கீளை கழண்டுடுச்சா? அவனவன் லைட் டூட்டி கெடைக்காதான்னு கோயில் கோயிலா சுத்திக்கினு இருக்கான். நீ வந்ததை வேணாங்கறே" என்றார். "எனக்கு வேணாங்க" என்றேன். "ஏன்?" என்றார். அங்கே காற்று அடிக்கும் என்றால் சிரிப்பார். "வீம்பு" என்றேன். அதை அவர் ஒத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவருக்குத் தெரிந்த விஷயம் அது.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி கொடுத்தது ஒரு சின்னப் பெண். என் தொடையில் டேப் வைத்து அளந்தாள். அடிபட்ட காலின் தொடை மற்றதைவிட இரண்டு விரல் சுற்றளவு குறைந்திருந்தது. "முட்டி சேந்துடுச்சு மேடம். வலிக்கிறதுக்குக் காரணம் முட்டி இல்ல, தொடை. தொடைதான் முட்டியோட பாரத்தை வாங்கணும். அதுக்கு வேலையே இல்லாம வத்திப் போச்சு" என்றாள். படி ஏறட்டுமா என்றேன். "ஏறலாம். ஆனா ஏறினா இறங்கணுமே. இறங்கும்போதுதான் முட்டிக்கு அடி ஜாஸ்தி. இப்போதைக்கு ஏறுறது மட்டும் இருக்கணும், இறங்குறது இருக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "அந்த மாதிரி மாடி எங்க இருக்கு?" என்று நானும் சிரித்தேன். "நம்ம கம்பெனி கிளப்புல இருக்கே மேடம். ஜிம்முல ஒரு மெஷின்."

இருந்தது. ஜிம்மின் கடைசி மூலையில், ஃபேனுக்கு நேர் கீழே. நாலைந்து படிகள், அவை சுற்றிச் சுற்றிக் கீழே வந்துகொண்டே இருக்கும். நாம் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு ஏறினாலும் நின்ற இடத்தில்தான் இருப்போம். எத்தனை மாடி ஏறினோம் என்று முன்னால் ஒரு திரை சொல்லும். போதும் என்றால் சிவப்புப் பொத்தானை அழுத்தி, ஒரே படி இறங்கித் தரைக்கு வந்துவிடலாம். ஆனால் நான் முதல்முதலில் போனபோது படியையும் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. ஆறேழு துண்டுகள்தான் தெரிந்தன. ஆண்கள் எடை தூக்கிவிட்டு வியர்வையைத் துடைத்து, அந்த மெஷினின் கைப்பிடியில் காயப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஃபேன் காற்று நன்றாக வருமாம். வாங்கிப் போட்ட நாளிலிருந்து அதற்கு அதுதான் உத்தியோகம்.

பெண்களுக்கு நேரம் மூன்றிலிருந்து ஐந்து. எனக்கு டூட்டி முடிவது நாலு. மீதி ஒரு மணி நேரத்துக்கும் ஒரு வில்லங்கம். 'உறுப்பினர்களின் மனைவியருக்கு மட்டும்' என்று போர்டு. கிளப் ஆபீசில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "உங்க ஹஸ்பெண்ட் மெம்பரா?" என்றார். "இல்லீங்க. நான் மெம்பர்" என்றேன். "மெம்பரோட வைஃபுக்குத்தான் இந்த டைமிங்" என்றார். "நான்தாங்க மெம்பர். எனக்கு வைஃப் இல்லையே, என்ன பண்ணட்டும்?" என்றேன். அவர் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போர்டைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் வேலைக்குப் போகிற ஒரு பொம்பளை அந்த வாசலுக்கு வருவாள் என்று அந்தப் போர்டை எழுதினவருக்குத் தோன்றவே இல்லை. "மேல கேட்டுச் சொல்றேன்" என்றார். "கேளுங்க. நான் ஏறிக்கினே இருக்கேன்" என்று உள்ளே போய்விட்டேன். மேலே என்ன கேட்டார், யார் என்ன சொன்னார்கள், இன்றுவரை தெரியாது.

துண்டுகளை எடுத்து ஜன்னல் கம்பியில் போட்டுவிட்டு ஏறினேன். முதல் நாள் இரண்டே நிமிடம். இரண்டு நிமிடம் என்று எழுதுவது சுலபம். ஏறிப் பார்த்தால்தான் தெரியும், நிமிடம் எவ்வளவு நீளம் என்று. படி நமக்காகக் காத்திருக்காது, கீழே போய்க்கொண்டே இருக்கும். நெஞ்சு அடித்துக்கொண்டது. ட்ரெட்மில்லில் பேசிக்கொண்டே நடந்த அம்மாக்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். மறுநாள் மூன்று நிமிடம். ஒரு மாதத்தில் பதினைந்து. திரையில் பத்து மாடி, இருபது மாடி என்று ஏறியது. இரண்டாவது மாதக் கடைசியில் ஒரே மூச்சில் நாற்பது மாடி. எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பது மாடிக் கட்டடத்தை நான் பார்த்ததுகூடக் கிடையாது. வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் "இன்னிக்கி நாப்பது" என்று பீற்றிக்கொண்டேன்.

பிசியோதெரபிப் பெண்ணிடமும் போய்ப் பீற்றினேன். அவள் டேப்பை எடுத்து அளந்தாள். தொடை கொஞ்சம்கூடத் தேறவில்லை. "வாங்க, இங்க ஒரு மாடி ஏறுங்க" என்று ஆஸ்பத்திரிப் படிக்குக் கூட்டிப்போனாள். பாதியில் கால் நடுங்கியது. நாற்பது மாடிக்காரிக்கு ஒரு மாடி ஏற முடியவில்லை! எனக்கு அழுகை வந்துவிட்டது. "மெஷின்ல எப்படி நிப்பீங்க, காட்டுங்க" என்றாள். அவளுடைய மேசை விளிம்பைக் கைப்பிடியாக நினைத்துக்கொண்டு காட்டினேன். இரண்டு கையையும் ஊன்றி, முழங்கையை மடக்கி, உடம்பை முன்னால் சாய்த்து. "போச்சு" என்று நெற்றியில் தட்டிக்கொண்டாள். "முக்கால்வாசி உங்களை உங்க கைதான் தூக்கிட்டுப் போயிருக்கு மேடம். கால் சும்மா கூடவே போயிருக்கு."

இரண்டு மாதம் வீண். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் கோபப்படுவது? திரைமேல்தான். நாற்பது நாற்பது என்று காட்டி என்னை ஏமாற்றிய திரை. அவள் புதிதாகச் சொல்லிக் கொடுத்தாள். முதுகு நேராக இருக்க வேண்டும். பாதம் முழுவதும் படியில் பட வேண்டும், நுனிக்காலில் ஏறக்கூடாது. குதிகாலை அழுத்தி எழ வேண்டும். கைப்பிடியில் விரல் நுனி மட்டும், அதுவும் விழாமல் இருக்கத்தான். "விரல் வெளுத்துப் போற அளவுக்கு அழுத்துனீங்கன்னா நீங்க ஏறலைன்னு அர்த்தம்."

அப்படி ஏறினேன். திரையில் நாற்பது போய் ஆறு வந்தது. ஆறே ஆறு மாடி, அதற்குள் தொடையில் தீ. ட்ரெட்மில் அம்மா ஒருவர், "என்னங்க, மெஷின் ரிப்பேரா? நேத்து வரிக்கும் நாப்பது சொல்லிக்கினு இருந்தீங்க" என்றார். "மெஷின் நல்லாத்தான் இருக்குங்க. நான்தான் ரிப்பேர்" என்றேன். வெட்கமாக இருந்தது, நிற்கவில்லை. ஆறு ஏழாகி, எட்டாகி, பத்துக்கு வர மூன்று வாரம் பிடித்தது. ஆனால் அந்தப் பத்து என்னுடைய பத்து.

உடம்பு மாறியதை டேப் வைத்து அளக்க வேண்டிய தேவை அப்புறம் இருக்கவில்லை. டெஸ்பாட்ச் நாற்காலி கொடுத்த இடுப்புவலி, தைலத்துக்குப் போகாதது, போயே போய்விட்டது. மத்தியானம் கொட்டாவி விடுவது நின்றது. மார்க்கெட்டிலிருந்து இரண்டு பையோடு நடந்தால் மூச்சு வாங்குமே, அது வாங்கவில்லை. உட்கார்ந்து எழும்போது முன்னெல்லாம் எதையாவது பிடித்துக்கொண்டு "அம்மாடி" என்று எழுவேன். ஒரு நாள் அந்த அம்மாடி வரவில்லை என்பதைக் கவனித்து, மறுபடி உட்கார்ந்து மறுபடி எழுந்து பார்த்தேன். ஓடினால் அதிர்கிற முட்டி, அந்த மெஷினில் அதிரவே இல்லை. குதிப்பது கிடையாது, தரையில் மோதுவது கிடையாது. கால் படியிலேயே இருக்கும், உடம்பு மட்டும் எழும்பும். துண்டு காயப் போட்டுவிட்டுப் போனவர்களைப் பார்த்துப் பாவமாகக்கூட இருந்தது.

விஷயம் செக்‌ஷனுக்குப் போய்விட்டது. 'படி ஏறக்கூடாதுன்னு சீட்டு வாங்கினவ கிளப்புல போய்ப் படி ஏறிக்கினு இருக்கா.' ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்கள் குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டார். கீழ்த்தளம்தான் எங்களுக்கு. வீட்டுக்காரர் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

"நீ ஃபிட்டுன்னு எழுதி வாங்கப் போறியாமே?" என்றார் அக்கா.

"ஆமாக்கா."

"உன் கால், உன் இஷ்டம். ஆனா ஒண்ணு யோசிச்சியா? நீ அந்த டாக்டர் எதிர்ல ஏறிக் காமிச்சீன்னா, அவரு அடுத்து எங்களைப் பாத்து என்னா கேப்பாரு? 'அந்தம்மா ஏறுச்சே, நீ ஏன் ஏற மாட்டேங்கறே'ன்னு கேக்க மாட்டாரா? உன்னால எத்தினி பேரு சோத்துல மண்ணு உழும் தெரியுமா?"

"அக்கா, முடியாதவங்களை யாரும் ஏறச் சொல்ல மாட்டாங்க."

"முடியாதவங்க, முடிஞ்சவங்கன்னு மூஞ்சில எழுதி ஒட்டியிருக்குதா?" என்றார். வீட்டுக்காரரைப் பார்த்து, "நீங்களாச்சும் சொல்லுங்க தம்பி" என்றார். அவரும், "அக்கா சொல்றதும் ஞாயம்தானே" என்று இழுத்தார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "உங்களுக்கு நாற்காலி வேணும், வச்சுக்குங்க. எனக்கு வேணாம். எனக்கு வேணாங்கறதை நான் வேணும்னு சொல்லணுமா? நீங்க நொண்டி நடக்குறதுக்கு நானும் சேந்து நொண்டணுமா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அக்கா டீயைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். மறுநாளிலிருந்து வத்தக்குழம்பு வரவில்லை. பேச்சும் இல்லை. பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து இரண்டு பேரும் கவர் கவராக ஒட்டினோம்.

இன்னொரு கண்டமும் மிச்சம் இருந்தது. "ஏறுறது சரி மேடம். இறங்கிப் பாத்தீங்களா?" என்று பிசியோதெரபிப் பெண் கேட்டாள். இல்லை. விழுந்த நாளிலிருந்து நான் ஒரு முழு மாடியிலிருந்தும் கீழே இறங்கவில்லை. அந்த மெஷினை நான் கட்டிக்கொண்டு அழுததே அதில் இறங்குவது இல்லை என்பதால்தானோ என்னவோ. கண்ணை மூடினால் காலுக்குக் கிடைக்காத அந்த மூன்று படிதான் வந்தது. "மெஷின் ஏறத்தான் சொல்லிக் குடுக்கும். இறங்குறதுக்குத் தனியா பழகணும். ஒரு சாண் உயரத்துல ஒரு பலகை போதும். மெதுவா, எண்ணி எண்ணி இறக்குங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டுப் பின்கட்டில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். வீட்டுக்காரர் பேக்கிங் கட்டையை அறுத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார். ஒரு சாண் உயரத்தில் ஒரு படி. ஆடாமல் இருக்க அடியில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருந்தார். "அக்கா சொல்றது ஞாயம்னீங்க?" என்றேன். "ஞாயம்தான். அதுக்கு உன்னை உழுந்து சாவச் சொல்றதா?" என்று சொல்லிவிட்டு இன்னோர் ஆணி அடித்தார். அந்தப் பலகையில் தினமும் முப்பது தடவை இறங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி ஒரு காலை இறக்க வேண்டும். முதல் வாரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு. பிறகு அவர் சட்டையை. பிறகு சும்மா அவர் பக்கத்தில் நின்றால் போதும் என்று ஆனது.

ரிவ்யூ நாள் வந்தது. காலையிலேயே கடைக்குப் போய் அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். லைட் டூட்டி வந்ததற்குத்தானே தரவில்லை, போவதற்குத் தருகிறேன், தின்னட்டும் என்ற திமிர். ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சு நிறைய ஆட்கள். எல்லாருக்கும் கேட்டுக்குள் நுழைந்தபோது வந்த நொண்டல். எனக்கு அடுத்த டோக்கன் அக்காவுக்கு. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கிளார்க் என் ஃபாரத்தில் 'மேலும் ஆறு மாதம்' என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். "டாக்டர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி" என்றார், உபகாரம் செய்தவர்போல. உள்ளே போய், "டாக்டர், இதை அடிச்சுடுங்க. ஃபிட்டுன்னு போடுங்க" என்றேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன பிரச்சினை? மேலதிகாரி ஏதாவது சொன்னாரா?" "இல்ல டாக்டர்." "யாராவது மொட்டைக் கடிதாசி போட்டாங்களா?" "இல்ல டாக்டர். நான் ஏறுவேன்." அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "என் சர்வீஸ்ல ஏற முடியாதுன்னு அழுதவங்களைத்தான் பாத்திருக்கேன். சரி. இங்க ரெண்டு மாடிதான் இருக்கு. நாலு தடவை ஏறி இறங்குங்க. நான் கீழ நின்னு பாக்குறேன்."

பெஞ்சிலிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். ஏறினேன். ஏறுவது ஒரு விஷயமே இல்லை. முதுகு நேராக, பாதம் முழுவதும், விரல் நுனி மட்டும் கைப்பிடியில். இரண்டாவது மாடியில் திரும்பி நின்றேன். கீழே படிகள் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் டாக்டரின் வழுக்கைத் தலை. பக்கத்தில் பிடிக்கச் சட்டை இல்லை. 'போடி, இதுக்கா அஞ்சு மாசம்?' என்று என்னை நானே திட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. கால் கிடைத்தது. ஒன்று, இரண்டு, மூன்று. மறுபடி கிடைத்தது. நாலாவது தடவை இறங்கும்போது எண்ணவில்லை. கடைசி மூன்று படியையும் வேண்டுமென்றே மெதுவாக, ஒவ்வொன்றாக மிதித்துத் தரைக்கு வந்தேன்.

டாக்டர் ஃபாரத்தை அங்கேயே கைப்பிடிச் சுவரில் வைத்து அடித்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்குச் சந்தோஷம் பொங்கி வருவதற்குள் அவர் பெஞ்சைப் பார்த்துத் திரும்பினார். "அடுத்தது யாரு? நீங்களும் ஏறிக் காட்டுங்களேன், பாக்கலாம்."

அக்கா சொன்னது சொன்னபடி நடந்தது. பெஞ்சு மொத்தமும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் ஃபாரத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கினேன். அக்கா எழுந்தார். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டார். ஏறினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவது படியில் நின்றார். ஒரு கை சுவரைப் பிடித்தது. புடவைக்குக் கீழே தெரிந்த கெண்டைக்கால் வெடவெடவென்று ஆடியது. மூச்சு இரைந்தது. நொண்டுவதை நடிக்கலாம், அந்த நடுக்கத்தை நடிக்க முடியாது. என் கால் அப்படி ஆடியதை நான் பார்த்திருக்கிறேன். ஓடிப்போய்த் தாங்கினேன். "கைய எடு" என்றார். தானாக, படிக்குப் படி இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கி வந்து, டாக்டர் எதிரில் நின்று, "போதுங்களா டாக்டர்?" என்றார். டாக்டர் ஆறு மாதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் யாரையும் ஏறச் சொல்லவில்லை.

வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தார். போகலாமா வேண்டாமா என்று நின்றுவிட்டுப் போய் உட்கார்ந்தேன். "மன்னிச்சுக்குங்கக்கா. நீங்க நடிக்கிறீங்கன்னுதான் நான் நெனச்சிக்கினு இருந்தேன்" என்றேன்.

அக்கா தன் முட்டியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"நானும் அப்பிடித்தாண்டி நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். "ஸ்டோர்ஸ்ல அந்த ஏணி எனக்குப் புடிக்கல. கால்ல ஒண்ணுமே இல்ல அப்போ. சும்மா சொல்லி வாங்கினேன். ஆறு வருசமா நடிப்புதான். இன்னிக்கும் பத்துப் படி ஏறிட்டு அம்மான்னு உக்காந்துடலாம்னுதான் போனேன்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "அஞ்சாவதுலயே நெஜமா முடியல."

பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னாது அது, ஸ்வீட்டா? திமிருடி உனுக்கு." பெட்டியைத் தானே பிரித்து ஒரு துண்டு மைசூர்பாகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

"உன் மெஷின்ல துண்டு காயப் போடுவானுங்களாமே, இப்பவும் போடுறானுங்களா?"

"போடுறாங்கக்கா."

"நாளைக்கி எடுத்துப் போட்டு வையி. நாலு மணிக்கு வரேன்."